ஊருக்கு ஊர் கொண்டுபோகும் டெஸ்க்டாப்: அமைப்பது, மேம்படுத்துவது, தூக்கிச் செல்வது

கோயம்புத்தூரில் வீடு, பெங்களூரில் வேலை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து சில நாள் இங்கிருந்தே வேலை பார்க்க வேண்டும். பிளெண்டரும் (முப்பரிமாண உருவங்களும் அசைபடங்களும் உருவாக்கும் மென்பொருள்) வீடியோ எடிட்டிங்கும் முக்கியம், இரவில் கொஞ்சம் விளையாட்டு. ஓரிரு ஆண்டுகளில் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகும் எண்ணமும் உண்டு. இந்த நிலையில் பாகம் பாகமாக வாங்கி ஒரு டெஸ்க்டாப் அமைத்து அதை ஊருக்கு ஊர் தூக்கிச் செல்வது நடக்கிற காரியமா, இல்லை பேசாமல் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கிற காரியம்தான். ஆனால் பெரும்பாலோர் ப்ராசஸரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் தொடங்கி, கையில் மிஞ்சுகிற பணத்துக்கு ஏதோ ஒரு கேபினெட்டையும் பவர் சப்ளையையும் வாங்குகிறார்கள். பயணம் போகப்போகும் கணினிக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ப்ராசஸரும் கார்டும் எப்படியும் மூன்று நான்கு ஆண்டுகளில் மாறக்கூடியவை. கேபினெட், பவர் சப்ளை, மதர்போர்டு ஆகிய மூன்றும்தான் நீங்கள் நெடுங்காலம் சுமக்கப்போகிறவை. அவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்றவற்றுக்கு உங்களிடம் இருக்கும் இடமும் வாட்டும் தாமாகவே எல்லை வகுத்துவிடும்.

லேப்டாப் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வாரம் தவறாமல் ஊருக்குப் போகிறவராகவோ, ரயிலிலும் காபிக்கடையிலும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவராகவோ இருந்தால் லேப்டாப்தான் சரி. அதில் வாதிட ஒன்றுமில்லை. இரு முனைகளிலும் நிலையான மேசை ஒன்று இருந்து, நடுவில் பயணம் மட்டுமே இருக்கிறது என்றால் சிறிய டெஸ்க்டாப் வெல்லும். லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் கார்டின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டின் டெஸ்க்டாப் வகையில் 12 ஜிபி நினைவகம் உண்டு, அது 250 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் லேப்டாப்பில் வருவதில் 8 ஜிபிதான், கிடைக்கும் மின்சாரமும் அதில் பாதிக்கும் குறைவு. பிளெண்டரில் ஒரு காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்காமல் போனால் ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) படுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். லேப்டாப்பில் அந்தக் குறையை எந்தக் காலத்திலும் சரிசெய்ய முடியாது.

இனி அளவு. நாம் கடைகளில் பார்க்கும் வழக்கமான டவர் கேபினெட்டுக்கு அடிப்படையான ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. அந்த மதர்போர்டு 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. உங்களுக்கு வேண்டியது மினி-ஐடிஎக்ஸ். 2001-இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த அளவு வெறும் 170 மி.மீ. சதுரம். முதலில் இது தொழிற்சாலைக் கருவிகளுக்கும் சத்தமில்லாத சின்னப் பெட்டிகளுக்கும்தான் பயன்பட்டது. முழு நீளக் கிராஃபிக்ஸ் கார்டை இத்துடன் சேர்த்துச் சிறு பெட்டிக்குள் அடக்கும் ஆர்வத்தைப் பரப்பியதில், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தயாரான என்கேஸ் எம்1, டேன் ஏ4 போன்ற கேபினெட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏ4 ஏறக்குறைய 7 லிட்டர் கொள்ளளவு. சாதாரண டவர் 40 லிட்டரைத் தாண்டும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7 லிட்டர் பெட்டியைப் புதிதாக அமைக்கிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரே ஒரு வழிதான் இருக்கும். கூலர் உயரம் ஒரு மி.மீ. கூடினாலும் மூடி மூடாது. அதேபோல் 18 லிட்டர் அளவுள்ள கூலர் மாஸ்டர் என்ஆர்200 அமைப்பதற்கு அருமையான பெட்டிதான் என்றாலும், எல்லாப் பாகங்களும் ஏறியபின் 7 கிலோவைத் தாண்டிவிடும். தோளில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையப் படியேற முடியாது. 10 முதல் 12 லிட்டருக்குள், ஃபிராக்டல் டெர்ரா போன்ற ஒன்றைத் தேடுங்கள். இவற்றில் மதர்போர்டு ஒரு பக்கமும் கார்டு மறுபக்கமுமாக முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கும். இரண்டையும் ரைசர் கேபிள் என்ற பட்டையான ஒயர் இணைக்கும். இந்த அமைப்பில் கார்டு தனக்கென்று ஒரு சட்டத்தில் திருகப்பட்டு நிற்பதால், மதர்போர்டின் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடும் தொல்லை இல்லை. பயணத்துக்கு இது பெரிய வசதி. கண்ணாடிப் பக்கம் உள்ள கேபினெட் எதையும் வாங்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடி முகத்தில் அடி வாங்கினால் தாங்கும்; விளிம்பில் தட்டினால் தாங்காது, அதுவும் நம் வீடுகளின் செராமிக் டைல்ஸ் தரையில் ஓரமாகச் சாய்த்து வைத்தால் ஒரு நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

பவர் சப்ளை விஷயத்தில் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. ஆழம், 63.5 மி.மீ. உயரம். வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளையைவிடத் தரமானதற்கு விலை கூடுதல். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கணக்கு இப்படி: ஏஎம்டியின் ரைசன் 7 7700 போன்ற 65 வாட் வகுப்பு ப்ராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 180 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 50 அல்லது 60 வாட். ஆக 330 வாட்டைத் தாண்டாது. ஆனாலும் 650 அல்லது 750 வாட் வாங்குங்கள். கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி மின்சாரம் இழுக்கும் என்பது ஒரு காரணம். அடுத்த கார்டு 250 வாட்டாக இருக்கலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் சத்தம்: பாதிச் சுமையில் ஓடும் பவர் சப்ளையின் மின்விசிறி பெரும்பாலும் மெதுவாகத்தான் சுற்றும், சிலவற்றில் சுற்றுவதே இல்லை. பவர் சப்ளையின் லேபிளில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இந்தியாவில் விற்கும் மலிவான சில பவர் சப்ளைகளில் 200–240 வோல்ட் என்று மட்டும்தான் இருக்கும். ஜெர்மனியிலும் 230 வோல்ட் என்பதால் உங்களுக்கு இப்போது சிக்கலில்லை. திட்டம் மாறி அமெரிக்கா போனால் அங்கே 120 வோல்ட், அந்தப் பெட்டி அங்கே உதவாது.

மதர்போர்டைப் பொறுத்தவரை, மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் விலை அதிகம், இரண்டே ரேம் ஸ்லாட், ஒரே ஒரு கார்டு ஸ்லாட். இந்தக் குறைகளைத் தெரிந்தே ஏற்கிறோம். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் எத்தனை காலம் வாழும் என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி, ஏனெனில் இத்தனை நெருக்கமான பெட்டியில் மதர்போர்டை மாற்றுவது என்பது முழுக் கணினியையும் மறுபடி அமைப்பதற்குச் சமம். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் போர்டு வாங்கியவர்கள், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027-ஐத் தாண்டி ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளோடு நின்று, 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்துவிட்டது. வேகத்தில் இன்டெல் ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒரே போர்டை வைத்துக்கொண்டு ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் உங்களுக்கு இருப்பதால் ஏஎம்5 என்றே சொல்வேன்.

ரேம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ மையங்களுக்கான நினைவகச் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுப்பதே காரணம். அதற்காக 16 ஜிபியோடு நிறுத்தினால் பிளெண்டரில் தினமும் தவிப்பீர்கள். 16 ஜிபி வீதம் இரண்டு குச்சிகளை ஒரே பாக்கெட்டில் வாங்குங்கள். இப்போது ஒரு குச்சி, பிறகு இன்னொன்று என்று வாங்கினால் அதுவரை பாதி அலைவரிசையில்தான் ஓடும். பிறகு வாங்குவது முந்தையதோடு ஒத்துப்போகும் என்ற உறுதியும் இல்லை. ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் பழைய கணினியின் டிடிஆர்4 குச்சிகளை இங்கே செருக முடியாது.

கூலர் என்று வரும்போது யூடியூப் காட்சிகளில் வரும் பெரிய டவர் கூலர்களை மறந்துவிடுங்கள். நாக்டுவா என்எச்-டி15 மின்விசிறிகளோடு 1.3 கிலோ, அவ்வளவு எடை ஒரு மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்க, கிருஷ்ணகிரி தாண்டி வரும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தச் சுமை போர்டைத்தான் இழுக்கும். அதே நிறுவனத்தின் என்எச்-எல்9ஏ 37 மி.மீ. உயரம்தான். 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும். கேபினெட்டில் 60, 70 மி.மீ. வரை இடமிருந்தால் அதற்கேற்ற இன்னும் உயரமானதை வாங்கிக்கொள்ளலாம். கோடையில் அறை வெப்பம் 36, 37 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் 85 டிகிரி காட்டினால் பதற வேண்டாம். இந்தத் தலைமுறை ரைசன்கள் 95 டிகிரி வரை இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. சத்தம் தொந்தரவாக இருந்தால் பயாஸில் ஈகோ மோடைப் போட்டு மின்சாரத்தைக் குறைத்துவிடலாம். இழக்கும் வேகம் பெரும்பாலான வேலைகளில் கண்ணுக்குத் தெரியாது.

பொருத்தும் வேலையில் பொதுவான படிகளைச் சொல்லும் காட்சிகள் ஏராளமாக உள்ளன. அவற்றை மீண்டும் சொல்லப் போவதில்லை. சிறிய பெட்டிக்கே உரிய சில இடங்களை மட்டும் சொல்கிறேன். பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட் போர்டின் முதுகில் இருக்கும். கேபினெட்டில் போர்டைத் திருகியபின் அதை எட்டவே முடியாது. ஆகவே பெரிய எஸ்எஸ்டியை முதல் நாளே முதுகில் போட்டுவிட்டு, மாற்ற நேரக்கூடிய சிறியதை முன்பக்கத்தில் வையுங்கள். ப்ராசஸருக்கான 8 பின் மின் ஒயரைக் கூலர் பொருத்துவதற்கு முன்பே செருகிவிடுங்கள். பிறகு விரல் நுழையாது. கூலரின் அடியிலும் எஸ்எஸ்டி ஹீட்சிங்கின் அடியிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பாருங்கள்.

முதல்முறை பட்டனை அழுத்தும்போது திரை கருப்பாகவே இருக்கும், மின்விசிறி மட்டும் சுற்றும். டிடிஆர்5 ரேமின் நேரக்கணக்குகளை மதர்போர்டு பழகிக்கொள்ள முதல்முறை சில நிமிடங்கள் பிடிக்கும். சில போர்டுகளில் பத்து நிமிடம்கூட ஆகலாம். நடுவில் பயந்துபோய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பட்டனை அழுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதன்பிறகும் கார்டின் வழியாகப் படம் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ரைசர் கேபிள்மேல் விழ வேண்டும். கேபினெட்டோடு வரும் ரைசர் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) 4.0-க்கு உரியதாக இருந்து, போர்டும் கார்டும் 5.0 வேகத்தில் பேச முயன்றால் கருப்புத் திரையோ, விளையாட்டின் நடுவே திடீர் உறைதலோ வரும். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான ப்ராசஸர்களிலேயே சிறியதொரு கிராஃபிக்ஸ் இருப்பதால், மானிட்டர் ஒயரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகி பயாஸுக்குள் போய், அந்த ஸ்லாட்டின் வேகத்தைக் கையால் 4.0 என்று வைத்துவிடலாம். இதனால் வேக இழப்பு நடைமுறையில் மிகச் சிறியது. கடைக்காரரிடம் போனால் கார்டு பழுது என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு, அதனால்தான் இதை விரித்துச் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவோ பெங்களூர் எஸ்.பி. ரோடோ நேரில் பேரம் பேச நல்ல இடங்கள். ஆனால் ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையும் பல கடைகளில் கையிருப்பில் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். எங்கே வாங்கினாலும் சீரியல் எண் குறிப்பிட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் வேண்டாமென்றால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன் என்பது பெரும்பாலும் உத்தரவாதத்தையும் சேர்த்துக் குறைப்பதுதான். நீங்கள் ஊர் மாறுகிறவர் என்பதால், உத்தரவாதத்தைக் கடை பார்க்கிறதா நிறுவனத்தின் சேவை மையம் பார்க்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைதான் பார்க்கும் என்றால் பெங்களூரில் பழுதானதைச் சென்னைக்கு அனுப்பிக் காத்திருக்க நேரும்.

மேம்படுத்துவதில் முதலில் மாறப்போவது கார்டுதான். வாங்குமுன் நீளத்தை மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை ஸ்லாட் தடிமன், மின் ஒயர் செருகும் இடம் கார்டின் மேல் விளிம்பில் இருக்கிறதா, ஒயர் வளைந்து திரும்ப மூடிக்கும் கார்டுக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். புதிய என்விடியா கார்டுகள் பலவற்றில் உள்ள 16 பின் இணைப்பில் இது இன்னும் முக்கியம். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது இந்த இணைப்பு சிலரிடம் உருகிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஒயரை முழுமையாகச் செருகாமல் விட்டது அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்பட்டது. இடைவெளி சிறிதும் தெரியாதபடி கடைசிவரை அழுத்துங்கள். செருகிய இடத்துக்கு அருகிலேயே ஒயரை மடக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் இடம் தராத கேபினெட் என்றால் வேறு கார்டைத் தேடுவதே மேல்.

பவர் சப்ளையை மாற்ற நேர்ந்தால் பழைய ஒயர்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மட்டும் மாட்டலாம் என்ற சோம்பல் எல்லோருக்கும் வரும், குறிப்பாகச் சிறிய கேபினெட்டில் ஒயர்களை மடித்துத் திணித்து முடித்தபின். செய்யவே கூடாது. கழற்றி மாட்டும் ஒயர்களில் பாகங்களைச் சேரும் முனைதான் தரப்படுத்தப்பட்டது. பவர் சப்ளையைச் சேரும் முனையின் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். துளையில் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் உங்கள் ஹார்ட் டிஸ்க் அத்தனையும் புகைந்துவிடும். ஊரில் ஒரு செட் ஒயர், பெங்களூரில் ஒரு செட் என்று கலந்து வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ப்ராசஸரை மாற்றும் நாளில் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே. அதற்கும் முன்னால், விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 நிறுவினால் பல கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. டிஸ்க்கின் பூட்டுக்கான சாவியைக் காக்கும் டிபிஎம், ரைசனில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸரை மாற்றினாலும், சில போர்டுகளில் பயாஸை மட்டும் புதுப்பித்தாலும், மறுதொடக்கத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அதை முன்கூட்டியே கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் உரிமம் மலிவான ஓஇஎம் வகை (புதிய கணினியோடு சேர்த்து விற்பது) என்றால் அது மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டு மாறினால் உரிமமும் போகும். சில்லறை வகை உரிமத்தைப் புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனிப் பயணம். கோயம்புத்தூர்–பெங்களூர் வந்தே பாரத்தில் வருவதாக இருந்தால் பெட்டியைத் தலைக்குமேல் தட்டில் வைக்காமல் காலடியிலோ முன்னிருக்கைக்கு அடியிலோ வையுங்கள். தட்டில் இடம் இருக்கும். ஆனால் பிறர் தம் டிராலியை அதன்மேல் அழுத்தித் தள்ளுவார்கள், இறக்கும்போது இழுப்பார்கள். படுக்கை ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியே உங்கள் தலைப்பக்கம் வைத்து, பையின் வாரைச் சங்கிலியோடு பூட்டிவிடலாம். ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் மட்டும் போடவே வேண்டாம். பார்சல் மூட்டைகளும் இரும்புச் சாமான்களும் அதன்மேல் விழும், வளைவுகளில் எல்லாம் சேர்ந்து உருளும். இருக்கைக்கு முன்னே காலிடத்தில் 10 லிட்டர் பெட்டி தாராளமாக நிற்கும். பெட்டியைச் சுமக்கத் தனிப் பை வாங்க வேண்டியதில்லை. டிஎஸ்எல்ஆர் கேமராக்காரர்கள் பயன்படுத்தும் பஞ்சு வைத்த முதுகுப்பையின் உள் தடுப்புகளை எடுத்துவிட்டால் போதும், மழைக்கு உறையும் அதோடு வரும்.

கார்டைக் கழற்ற வேண்டுமா என்றால், மேலே சொன்னபடி சட்டத்தில் திருகப்பட்ட இரண்டு ஸ்லாட் கார்டை, பெட்டி உங்கள் கையிலேயே இருக்கும்வரை கழற்றத் தேவையில்லை. கூரியரிலோ விமானத்தின் செக்-இன் சாமானிலோ அனுப்பினால் கட்டாயம் கழற்றி, ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் போட்டு, அதன் அசல் பெட்டியில் வைக்க வேண்டும். காரில் பெரிய டவரைக் கொண்டுபோகிறவர்கள் மதர்போர்டு தரைக்கு இணையாகப் படுக்கும்படி கேபினெட்டைச் சாய்த்து வைப்பது நல்லது. அப்போது கார்டு ஸ்லாட்டில் நிமிர்ந்து நிற்கும், தொங்காது. தரவு உள்ள எஸ்எஸ்டியின் நகல் ஒன்று எப்போதும் வேறொரு பையில் இருக்கட்டும். கணினி திருடு போனால் பணம்தான் நட்டம்; ரெண்டர் செய்த கோப்புகள் போனால் அது வேறு வகை நட்டம்.

உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமான எல்லை 7 கிலோ, 55×35×25 செ.மீ. நான் சொன்ன அளவில் அமைத்தால் அலுமினியக் கேபினெட்டும் சேர்த்து 5, 6 கிலோவுக்குள் முடித்துவிடலாம். கீபோர்டையும் ஒயர்களையும் செக்-இன்னில் போட்டுவிட வேண்டும். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைத் தவிர டெஸ்க்டாப்பில் வேறு பேட்டரி கிடையாது என்பதால் பவர் பேங்குக்கு உள்ள கட்டுப்பாடுகள் இதற்கு இல்லை. பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பைப் போலவே பையிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். எக்ஸ்ரேயில் பார்க்கிறவருக்கு அது பழக்கமில்லாத, ஒயரும் உலோகமும் அடைத்த ஒரு பெட்டி. திறந்து காட்டச் சொல்லலாம். பக்கத் தகடு திருகில்லாமல் கையாலேயே கழன்று வரும் கேபினெட்டை ஏன் தேட வேண்டும் என்பது அங்கே புரியும், ஏனெனில் ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். அதன் இடம் செக்-இன் பெட்டி. திரவக் கூலர் வைத்திருந்தால் உள்ளே என்ன திரவம் என்ற விளக்கத்தையும் அங்கே நின்று சொல்ல வேண்டியிருக்கும். பயணக் கணினிக்குக் காற்றுக் கூலரே போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் பெரும்பாலோர் கவனிக்காதது எர்த். பெங்களூரில் வாடகைக்கு எடுத்த அறையில் மூன்று துளை பிளக் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று பொருளில்லை. பவர் சப்ளையின் உள்ளே மின் இரைச்சலை வடிக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோகத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்த மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட் ஏறக்குறைய பாதி வோல்ட்டில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அது பெரும்பாலும் எரிச்சலோடு நின்றுவிடும். ஆனால் எர்த் உள்ள டிவியோடு எச்டிஎம்ஐ ஒயரை இணைக்கும் கணத்தில் துளை கருகிப்போக அது போதும், உண்மையான மின்கசிவு ஏற்பட்டால் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். நியூட்ரலையே எர்த் துளையில் சேர்த்துக் கட்டிவிடும் ஆட்கள் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் கேபினெட் முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

மானிட்டரையும் யுபிஎஸ்ஸையும் சுமக்க வேண்டாம். 24 அங்குல மானிட்டர் ஒன்றைப் பழையதாகவே வாங்கி ஊரில் நிரந்தரமாக வைத்துவிட்டால் பயணச் சாமான் பாதியாகும். மானிட்டர் திரைதான் பயணத்தில் முதலில் உடையும் பொருள். யுபிஎஸ் இரு இடத்திலும் வேண்டும். கடைகளில் முதலில் எடுத்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தரும். உங்கள் கணினி முழு வேகத்தில் ரெண்டர் செய்யும்போது மானிட்டரோடு சேர்த்து அதன் எல்லையைத் தொட்டுவிடும், மின்சாரம் போன கணத்தில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். 1000 விஏ அளவில் பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் ரயிலின் ஏசி பெட்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் உடனே இயக்காமல், குளிர்ந்த உலோகத்தில் படியும் நீர்த்துளி காயும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஜெர்மனிக்குப் போகும்போது நம் மூன்று பின் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் சேராது. அதற்காக அடாப்டர் எதுவும் வாங்காதீர்கள்; மலிவான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. பவர் சப்ளையின் பின்புறத் துளை உலகெங்கும் ஒன்றுதான் என்பதால், அங்கே போய் அவ்வூர்ப் பிளக் உள்ள ஒயர் ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. உத்தரவாதம் பல பாகங்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்பதால், கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை அங்கேயே வாங்கும்படி தள்ளிப்போடுங்கள். திரும்பி வரும்போது இந்தியச் சுங்க விதிகளில் பயணி ஒருவர் கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்குத் தனியாகத் தீர்வை விலக்கு உண்டு. டெஸ்க்டாப்புக்கு அந்தச் சலுகை இல்லை, அது பொதுவான வரம்புக்குள் கணக்காகும். ஆகவே இங்கிருந்து எடுத்துப் போனதுதான் என்பதை நிறுவும் வகையில், சீரியல் எண் உள்ள பில்களின் நகலை வைத்துக்கொள்வதோடு, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அலுவலரிடம் பெட்டியைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கான நேரத்தையும் சேர்த்து அன்று முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.